எட்டாவது ஜோடி

செருப்புக் கடையில் யாராவது புது ஷூவை எடுத்து என் கையில் கொடுத்தால், நான் முதலில் அதன் குதிகாலைத் திருப்பிப் பார்ப்பேன். விலை, அளவு எல்லாம் அப்புறம். தையல் எங்கே முடிகிறது, எப்படி முடிந்திருக்கிறது என்று பார்த்தால்தான் மனம் ஆறும். தரம் பார்க்கத் தெரிந்த அம்மா என்று நினைத்துக்கொண்டு கடைக்காரர் இன்னும் நாலு ஜோடியை எடுத்து வைப்பார். கடைசியில் நான் வாங்குவது ரப்பர் செருப்பு. ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவள், தோலில் செய்த எதையும் காலில் போடாமலே ஓய்வூதிய வயதைத் தாண்டிவிட்டேன்.

என் வயதுக்காரர்களான உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். சின்னவர்களிடம் சொன்னால் பேய்க்கதை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். நமக்கு அப்படி இல்லை. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை மாதிரி இதுவும் ஆளுக்கு ஒன்றாவது இருக்கும். வெளியே எடுத்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். முன்பக்கம் அப்பா, அம்மா, நான். பின்பக்கம் அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் சித்தியும். அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் கையில் அந்த வாசனை போகாது. சோறு பிசைந்து ஊட்டினால் சோற்றிலும் அது இருக்கும். சித்தப்பாவுக்கு ஷூ கம்பெனி. சித்தி வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பாள். அதை ‘அப்பர்’ என்போம். கம்பெனி ஆள் வெட்டிய தோல் துண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்து போட்டுவிட்டு, மூன்றாம் நாள் வந்து தைத்ததை எடுத்துப் போவார். இரண்டு ஊசி, மெழுகு நூல், ஓட்டை போட ஒரு குத்தூசி. எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் மடியில் எப்போதும் ஒரு ஷூ கிடக்கும்.

அப்பாவும் சித்தப்பாவும் சாமி இல்லை என்பவர்கள். அம்மாவும் சித்தியும் உண்டு என்பவர்கள். அண்ணன் தம்பி இருவரும் சொன்னது ஒன்றேதான், சொன்ன விதம் வேறு. அப்பா வாயைத் திறந்தால் வீட்டில் பாத்திரம் உருளும். “கல்லுக்கு சொம்பு பால், பொண்ணுக்கு அரை டம்ளரா?” என்பார். அம்மா என் டம்ளரை நிரப்பிவிட்டு, ராத்திரி வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். சித்தப்பா அதையே பேசினால் சித்திக்குச் சிரிப்பு வந்துவிடும்.

செவ்வாய், வெள்ளி சாயங்காலம் சித்தி அம்மன் கோயிலுக்குக் கிளம்புவாள். சித்தப்பா வீட்டில் இருந்தால் தைத்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

“இன்னா, உங்க அம்மனுக்கு இன்னிக்கு எந்த ஷிப்டு?”

“அவளுக்கு ஷிப்டே இல்ல. எப்பவும் டூட்டிதான்.”

“ஓவர்டைம் குடுக்கறாங்களா, இல்லியா?”

“உங்களுக்கும் சேத்துதான் வேண்டினு வர்றேன். சிரிங்க.”

திரும்பி வந்ததும், அவர் இரண்டு கையிலும் ஊசி பிடித்திருக்கிற நேரம் பார்த்து நெற்றியில் குங்குமத்தை வைத்துவிடுவாள். அவர் தோளால் துடைப்பார். பாதிதான் போகும். மீதிக் குங்குமத்தோடு டீக்கடைக்குப் போய், கடவுள் இல்லை என்று பேசிவிட்டு வருவார்.

அப்பர் தைத்து முடிக்கிற இடம் குதிகால். எல்லாரும் அங்கே நூலை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டு நறுக்கிவிடுவார்கள். சித்தப்பா மட்டும் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்று தையல் பின்னால் போய் அடியில் செருகுவார். வெளியே பார்த்தால் ஒரு எறும்பு உட்கார்ந்திருக்கிற அளவுக்கு ஒரு மேடு தெரியும். அந்த முடிச்சு அவிழவே அவிழாது. சித்திக்கு அது வரவில்லை, பொறுமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எனக்கு வந்துவிட்டது. “பாப்பா கத்துனுட்டா, நீ இன்னும் கத்துக்கல” என்று சித்தியைச் சீண்டுவார்.

ஒருநாள் பேச்சு சாவைப் பற்றிப் போனது. பக்கத்து வீட்டில் ஒரு துக்கம். செத்தவர் ஆவி பதினாறு நாள் வீட்டைச் சுற்றும் என்று சித்தி சொன்னாள்.

“செத்தா ஒண்ணும் இல்ல. விளக்கு அணைஞ்சா நெருப்பு எங்க போச்சுன்னு தேடுவியா?” என்றார் சித்தப்பா.

“நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?”

“சரி, போனா பாத்துட்டு வர்றேன். அப்படி எதுனா இருந்திச்சுன்னா வந்து ஒரு ஜோடி தெச்சு வெக்கிறேன். என் முடிச்சைப் பாத்துத் தெரிஞ்சுக்க.”

சித்தி அவர் வாயில் அடித்தாள். நான் சிரித்தேன். எனக்கு வயது பத்து.

பங்குனியில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சித்தி வேப்பிலை, நேர்த்திக்கடன் என்று ஒரு பக்கம் இழுத்தாள். அப்பா டாக்டர் என்று மறுபக்கம் இழுத்தார். இரண்டும் நடந்தது, இரண்டும் உதவவில்லை. பன்னிரண்டே நாள். சடங்கு எதுவும் கூடாது என்று தம்பி சொல்லியிருந்ததை அப்பா வார்த்தை மாறாமல் நிறைவேற்றினார். எண்ணெய் வைக்கவில்லை, வாய்க்கரிசி இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. சித்தி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு விளக்காவது வைக்கிறேன் என்று கேட்டாள். அது ஒன்றுக்கு மட்டும் அவர் சரி என்றார். பின்கட்டு மாடத்தில் அந்த விளக்கு எரிய ஆரம்பித்தது.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டார்கள். பாலாற்று மணலில் கால் வைக்க முடியாத வெயில். சித்தி சாப்பிடுவதை விட்டிருந்தாள். சாக்கில் தோல் துண்டுகள் அப்படியே கிடந்தன. கம்பெனி ஆள் வந்து, “இன்னாம்மா, இப்டியே இருந்தா வேற வீட்டுக்குக் குடுத்துடுவேன், பேஜார் பண்ணாத” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வெள்ளிக்கிழமை சித்தி கோயிலுக்குப் போயிருந்தபோது, நான் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு ஜோடி தைத்துக் கூடையில் போட்டேன். உதவி செய்யத்தான் தைத்தேன், இதைத் தயவுசெய்து நம்புங்கள். எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு, அதைப் போட்டேன். குத்தூசி இடது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு விளையாடப் போய்விட்டேன். காயம் ஆறியும் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது சித்தி அந்த ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். விரல் அந்த எறும்பு மேட்டைத் தடவிக்கொண்டிருந்தது. “வந்துட்டாருக்கா” என்றாள் அம்மாவிடம். அம்மா அழுதுகொண்டே சோறு போட்டாள். எனக்கும் அந்த முடிச்சு வரும் என்பது இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஐந்து வாரத்துக்குப் பிறகு சித்தி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நான்தான் தைத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தச் சாப்பாட்டைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. அடுத்த செவ்வாய் அவள் மறுபடி சாப்பிடாமல் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை நான் மறுபடி தைத்தேன். இப்படி ஏழு ஜோடி. முதல் ஜோடியைச் சித்தி கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. தோல் கிழிந்துவிட்டது என்று சொல்லி, மஞ்சள் துணியில் சுற்றி விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

தெருவுக்குத் தெரிந்து, பெண்கள் தேங்காயோடு வர ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. “ஆயுசு பூரா ஆவி இல்லைன்னு பேசினவனை ஆவியாக்கி உக்கார வெச்சிட்டீங்களே” என்று கத்தினார். கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். தம்பியை இழந்தவர் அழத் தெரியாமல் கத்தினார் என்பது இப்போதுதான் புரிகிறது.

அந்த வாரம் பள்ளிகொண்டாவிலிருந்து சித்தியின் அண்ணன் வந்தார். மனைவியை இழந்த ஒருவரைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். இரண்டு பிள்ளைகள், லேத் பட்டறை. ஆவி ஒட்டிக்கொண்ட பெண்ணை வேறு வீட்டுக்கு அனுப்பினால்தான் விடும் என்பது அவர் கணக்கு. விதவைக்கு மறுமணம் செய்து வைப்பது அப்பாவின் கொள்கை. உடனே தலையாட்டினார். சித்தி மட்டும், “அவரு வந்து போற வீட்டை விட்டு நான் எப்படி வர்றது?” என்றாள்.

அப்போதுதான் அப்பா அந்தச் சோதனையை வைத்தார். சித்தியின் கல்யாணத் தகரப் பெட்டியைக் காலிசெய்து, வெட்டிய தோல் ஒரு ஜோடி, ஊசி, நூல், குத்தூசி எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டினார். “இங்கயே இருக்கட்டும், அவன் தேடினு அலைய வேணாம்” என்று விளக்குக்குக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கும்போது தொறக்கறேன். தெச்சிருந்தா இனிமே இந்தப் பேச்சே நான் எடுக்க மாட்டேன், நீ உன் இஷ்டம்போல இங்கயே இரும்மா. தெக்காம இருந்தா அண்ணன்கூடக் கிளம்பணும். சரியா?”

சித்தி சரி என்றாள். அவள் முகத்தில் கொஞ்சமும் பயம் இல்லை. பயம் முழுக்க என்னிடம் இருந்தது.

சாவி அப்பாவின் சட்டைப் பையில். அவர் காலையில் குளிக்கப் போகும்போது சட்டை ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமை நான் பைக்குள் கையை விட்டு சாவியை எடுத்தேன். உள்ளங்கையில் அது சூடாக இருந்தது. பெட்டியைத் திறந்து ஜோடியை எடுத்துக்கொண்டு, மறுநாள் தைத்து வைத்துவிடலாம். சித்தி எங்களோடு இருப்பாள். கிணற்றடியில் அப்பா தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்கிற சத்தம் நின்றது. நான் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டேன். அப்பாவிடம் பயம். அதோடு, இந்தப் பொய் இத்தோடு முடிந்தால் போதும், நான் தப்பித்துவிடலாம் என்றும் இருந்தது. உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எல்லார் முன்னாலும் பூட்டைத் திறந்தார். உள்ளே ஜோடி தைத்து இருந்தது.

அப்பா எடுத்துக் குதிகாலைத் திருப்பினார். மூன்று தையல் பின்னால், எறும்பு மேடு. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பிறகு என் விரலை. ஷூவைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் அந்த வெயிலில் வெளியே போனார். சித்தியின் அண்ணன் கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தனியாக ஊருக்குப் போய்விட்டார்.

எனக்கு மூன்று நாள் காய்ச்சல். ஏழு ஜோடியும் நான். எட்டாவது நான் இல்லை. அப்படியானால் யார் என்று யோசித்தால் உடம்பு தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு ஜோடிகூடத் தைக்கவில்லை. தைத்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாரோ என்று பயம். படித்து, பாகாயம் பக்கம் அறிவியல் டீச்சர் ஆனேன். ஆவி, பேய் எதுவும் இல்லை என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஷூ இருக்கிற அறையில் படுக்க மாட்டேன்.

அப்பா வாக்கைக் காப்பாற்றினார். அந்தப் பேச்சை எடுக்கவில்லை, பின்கட்டுக்கும் போகவில்லை. டீக்கடையில்கூட வாதம் செய்வதை விட்டுவிட்டார். கடைசிக் காலத்தில் என்னோடு பாகாயத்தில் இருந்தார். போன வருடம் ஒரு மத்தியானம், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

“எட்டையும் நீதானே தெச்சே. பொட்டியத் தொறந்தப்போ உன் விரலப் பாத்தேன். என் பாக்கெட்டுலருந்து சாவி எடுத்திருக்கேன்னு புரிஞ்சுது. உன்னக் காட்டிக் குடுக்க மனசு வரல. அதான் வாயத் தொறக்கல.”

எவ்வளவு வருடம் அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த நெகிழ்ச்சியில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். “ஏழுதான்பா நான். எட்டாவது நான் இல்ல.”

அவர் கஞ்சியைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து விளக்கை அணைக்க விடவில்லை. கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். யாரைப் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பத்தாம் நாள் போய்விட்டார். ஆயுள் முழுக்க எதற்கும் பயப்படாத மனிதரை, நான் ஒரு வாக்கியத்தில் பயமுறுத்தி அனுப்பிவிட்டேன்.

போன மாதம் ஆம்பூர் போனேன். சித்தி அதே பின்கட்டில்தான் இருக்கிறாள். எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அப்பர் தைத்து விரல்கள் கொக்கி மாதிரி வளைந்துபோய், காபி டம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிக்க முடிகிறது. மாடத்தில் விளக்கு அப்படியே. அப்பாவின் கடைசி நாட்களைச் சொன்னேன். எட்டாவது ஜோடி யார் தைத்தது என்று தெரியாமலே போய்விட்டார் என்றேன்.

“இன்னா தெரியாம? நான்தான் தெச்சேன்” என்றாள் சித்தி.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இதை ஒரு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் அப்பா நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

“சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாத்தேன். பொட்டிக்குள்ள எந்தச் சத்தமும் இல்ல. நீயும் உங்கம்மாவும் ரேஷன் கடைக்குப் போயிருந்தீங்க. என்கிட்ட இருந்த குத்தூசியால பொட்டிக்குப் பின்னாடி கீல்ல இருக்கற கம்பியத் தட்டி எடுத்துட்டேன். பூட்டு பூட்டினபடியே இருந்திச்சு. முதல் ஜோடியத் துணியிலருந்து எடுத்து வெச்சினு, அதப் பாத்துப் பாத்து அந்த முடிச்சப் போட்டேன். அன்னிக்குத்தான் எனக்கு அது வந்திச்சு.”

“ஏன் சித்தி?”

“போகச் சொன்னாங்களே. எங்கண்ணனும் போன்னாரு, உங்கப்பாவும் போன்னாரு. சாமி உண்டுன்றவரும் இல்லன்றவரும் அந்த ஒண்ணுல ஒத்துப் போய்ட்டாங்க. உனக்கு இன்னா வேணும்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கு இந்த வீடு வேணும்னு இருந்திச்சு.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விளக்கு மாடத்தைப் பார்த்தாள்.

“அது சரி. ஆனா ஏழு தடவ வந்தாரு பாப்பா. நான் கேக்காமலே வந்தாரு. எட்டாவது தடவதான் வாயத் தொறந்து கேட்டேன், வாங்கன்னு. வரல. நான் இன்னா தப்பு பண்ணேன்? அதத்தான் தினமும் விளக்கு வெச்சி கேட்டுனு இருக்கேன். இன்னும் சொல்லல.”

அவர் வராததற்குக் காரணம் அவள் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. ஒருவரிடம் உண்மையைச் சொல்லி அனுப்பிவைத்தவள் நான். இவளிடமும் சொல்வதா? சொல்லாமல் எழுந்து போவதா? இரண்டும் முடியவில்லை.

“சாவி கிடைச்சிருக்காது சித்தி” என்றேன்.

“செத்தவருக்கு சாவி எதுக்கு?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. என் இடது கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஆள்காட்டி விரல் நுனியில் அந்தக் கறுப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது. வளைந்த கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“பயந்துட்டியா?” என்று கேட்டாள்.

“பயந்துட்டேன். கையில எடுத்துட்டு, திரும்ப வெச்சிட்டேன்.”

“பத்து வயசு” என்றாள், தனக்குத்தானே. “பத்து வயசுக் கொழந்தையத்தான் நான் இத்தினி வருசமா கேட்டுனு இருந்திருக்கேன்.”

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. தலையைத் தடவிவிட்டாள். அது திட்டுவதைவிட வலித்தது.

ஆறு மணி ஆகிவிட்டது. தெருவில் கம்பெனி பஸ் வந்து நின்று பெண்கள் இறங்கிப் போனார்கள். அறை இருட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய்க் கிண்ணமும் தீப்பெட்டியும் மாடத்தில் தயாராக இருந்தன. சித்தி எழுந்திருக்கவில்லை. நான் அந்த மாடத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். எந்தச் சாமிக்கும் எந்த ஆவிக்கும் ஒரு குச்சிகூடக் கிழித்திராதவள் நான். என் வாயிலிருந்து அது வந்தது.

“விளக்கு ஏத்துங்க சித்தி.”

“யாருக்கு?” என்று கேட்டாள்.